975,000: மலைநாட்டில் ஓர் எண்ணின் வரலாறு

975,000 என்னும் முழுவெண்ணைக் கணித மாணவன் ஒருவனிடம் கொடுத்தால், அவன் முதலில் அதனைக் காரணிகளாகப் பகுத்துப் பார்ப்பான். மூன்று இரண்டுகளையும், ஒரு மூன்றையும், ஐந்து ஐந்துகளையும், ஒரு பதின்மூன்றையும் ஒன்றோடொன்று பெருக்கினால் இவ்வெண் வரும். இதனை மீதியின்றி வகுக்கவல்ல எண்கள் 96 உள்ளன. பத்து இலட்சத்தினின்றும் 25,000 குறைந்தது இது. பழைய எண்சுவடி முறையிற் கூறின், பத்து இலட்சத்தில் அரைமா குறைவு. அதாவது நாற்பதில் ஒரு பங்கு குறைவு. இவ்வளவும் கணித நூலுக்கு உரிய செய்திகள். இவற்றால் எவருக்கும் இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை.

ஆயின், இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, நுவரெலியாவிலும் அட்டனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த மக்களுக்கு, இந்த எண் கணிதப் பொருளாக வாய்க்கவில்லை. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் நாள் புதுடில்லியில் கைச்சாத்தான ஓர் ஒப்பந்தத்தின் முதற் பக்கத்தில் அது நின்றது. எந்த நாட்டின் பிரசைகளாகவும் ஏற்கப்படாத இந்திய வமிசாவளியினர் இலங்கையில் ஏறத்தாழ 975,000 பேர் உளர் என அவ்வொப்பந்தம் கணித்தது. பின்னர் அவ்வெண்ணை வகுத்தது. ஓர் எண்ணை வகுப்பதற்கும் ஒரு மக்கட் கூட்டத்தை வகுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிவதற்கு, உலக வரலாற்றில் இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எளிதிற் கிடையாது.

இம்மக்கள் மலைநாட்டுக்கு வந்த வரலாறு நேயர்கள் அறிந்ததே. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின், 1820களில் தொடங்கிக் கோப்பிப் பயிர் மலைச்சரிவுகளில் பரவிற்று. திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டிக் கடல் கடந்து கொணர்ந்தனர். மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். நடந்தோர் அனைவரும் மலையை அடைந்தாரல்லர். 1869இல் கோப்பி இலையைத் தாக்கிய பூஞ்சண நோய் அப்பயிரைச் சில ஆண்டுகளில் அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை எழுந்தது. 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தது. கோப்பிக்கு ஆண்டிற் சில மாதங்களே ஆட்கள் மிகுதியாக வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே வந்துபோன மக்கள் வந்து தங்கிய மக்களாயினர்.

தோட்டத்து வாழ்க்கை தொடக்கமுதலே எண்களால் ஆயது. தொழிலாளி ஒருவன் தோட்டத்துக்குத் தர வேண்டிய கடனைக் குறித்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அத்துண்டிலுள்ள தொகையைத் தீர்ப்பவரே அவனை வேறு தோட்டத்துக்குக் கொண்டுசெல்லலாம். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடல் கடந்து வரும் ஒவ்வொரு தொழிலாளியின் கழுத்திலும் ஒரு தகரத் துண்டு தொங்கிற்று. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தின் எண்ணும், ஆளின் எண்ணும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. வழியில் அவன் யார் என்று எவரும் வினவ வேண்டியதில்லை, தகரம் சொல்லிவிடும்.

தோட்டத்தை அடைந்த பின்னும் எண் அவனை விடவில்லை. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுப்பதும், மாலையில் கொழுந்தை நிறுப்பதும், கணக்கப்பிள்ளை செக்ரோலில் பதிவதும் நாளின் முதலும் முடிவுமாயின. ஒரு நாளின் வேலைக்கு ஒரு பேர் என்பது தோட்டத்து வழக்கு. குறித்த நிறையளவு கொழுந்து எடுக்காதவளுக்கு அரைப்பேர்தான் போடுவார்கள். முழு மனிதரைப் பாதியாக எழுதும் வழக்கம் இவ்வாறு மலைநாட்டிலே பழகிப்போன ஒன்றாயிற்று. ஆனால் அது கூலிக் கணக்கு மட்டுமே. மறுநாட் காலையில் அவள் முழுப்பேராகவே பிரட்டுக்கு வந்து நிற்பாள்.

குடிசன மதிப்பீட்டில் இம்மக்கள் 1911இல்தான் முதன்முறையாகத் தனிப் பிரிவாக எண்ணப்பட்டனர். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு தலைப்புகள் அவ்வாண்டிலே தோன்றின. அப்போது இந்தியத் தமிழர் ஏறத்தாழ 531,000 பேர். 1946இல் அத்தொகை ஏறத்தாழ 781,000 ஆயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு நடந்த பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு இடங்களைப் பெற்றது. நுவரெலியாத் தொகுதியில் சௌ. தொண்டமான் வென்றார். தேர்தல் மூலம் நிரப்பப்படும் இடங்கள் அக்காலத்தில் 95. அவற்றுள் ஏழு என்பது பெரிய பங்கன்று. எனினும் வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கக்கூடியனவாய் இருந்தன. அரசியலார் கண்ணில் அது பட்டது.

சுதந்திரம் 1948 பெப்ருவரியில் வந்தது. அதே ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும், இலங்கையிற் பிறந்ததை ஆவணங்கொண்டு காட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது. லயன் அறையிற் பிறந்தவனுடைய பாட்டனின் பிறப்பைப் பதிந்த ஏடு எங்கே இருக்கும்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வேறொரு வாயிலைத் திறந்தது. விவாகமானோர் ஏழாண்டும் ஆகாதோர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை நிறுவினால் பதிவுபெறலாம். அவ்வாண்டே தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரசையல்லாதார் வாக்காளர் இடாப்பினின்றும் நீங்கினர். 1951 ஓகஸ்டுக்குள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் பிரசாவுரிமை விண்ணப்பங்கள் குவிந்தன. பத்தாண்டுக்கு மேல் நீண்ட விசாரணைகளின் முடிவில் பதிவுபெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர். ஆறு பேரில் ஐவருக்குக் கதவு திறக்கவில்லை. 1947இல் ஏழு உறுப்பினரை அனுப்பிய சமூகம், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவரையும் அனுப்ப இயலாததாயிற்று.

இந்தியாவும் இவர்களைத் தன் பிரசைகள் என்று தானாகவே ஏற்கவில்லை. வெளிநாட்டில் வாழும் இந்திய வமிசாவளியினர் விரும்பி விண்ணப்பித்தால் இந்தியப் பிரசைகளாகப் பதிவுபெறலாம் என்பதே அந்நாட்டு அரசியலமைப்பின் 8ஆம் உறுப்புரை. விரும்பாதவரை வற்புறுத்தி ஏற்பதில்லை என்பது நேருவின் நிலை. 1954இல் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் செய்த ஒப்பந்தமும் இம்முடிச்சை அவிழ்க்கவில்லை. இவ்வாறு இரு நாடுகளின் ஏடுகளிலும் இடம்பெறாதவர்கள் நாடற்றோர் எனப்பட்டனர்.

1964 மே மாதத்தில் நேரு மறைந்தார். லால் பகதூர் சாஸ்திரி பிரதம மந்திரியானார். அவ்வாண்டு ஒக்டோபரில் இலங்கைப் பிரதம மந்திரி சிறிமாவோ பண்டாரநாயக்க புதுடில்லி சென்றார். அங்கேதான் 975,000 என்னும் எண் வகுக்கப்பட்டது. 525,000 பேரை, அவர்களுக்குப் பின் பிறக்கும் பிள்ளைகளோடு, இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு, அவ்வாறே பிள்ளைகளோடு, இலங்கை பிரசாவுரிமை வழங்கும். எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னர் தனி ஒப்பந்தத்தால் தீர்ப்பது. இவை யாவும் பதினைந்து ஆண்டுகளில் நிறைவேற வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உடையோரும், சட்டத்துக்கு மாறாக வந்து குடியேறியோரும் இத்தொகையிற் சேரவில்லை.

இந்த மூன்று பங்குகளையும் கணிதக் கண்கொண்டு நோக்கினால் ஓர் உண்மை வெளிப்படும். மூன்றுக்கும் பொதுவான மிகப் பெரிய காரணி 75,000. அதனை ஓர் அலகாகக் கொண்டால், மொத்தம் பதின்மூன்று அலகுகள். இந்தியாவுக்கு ஏழு, இலங்கைக்கு நான்கு, நிலுவையில் இரண்டு. பதின்மூன்று ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் வகுபடாதது. காரணிகளுள் கடைசியாக நின்ற அந்தப் பதின்மூன்றே ஒப்பந்தத்தின் எலும்புக்கூடாக அமைந்துவிட்டது.

மனிதரைத் தலை எண்ணிப் பெற்ற தொகை இவ்வாறு அமைதல் அரிது. எண்ணிப் பெறும் ஒரு தொகை மூன்று சுழியங்களில் முடிவது ஆயிரத்தில் ஒரு முறை நேரக்கூடியது. அது 75,000ஆல் மீதியின்றி வகுபடுவதோ எழுபத்தையாயிரத்தில் ஒரு முறையே நேரும். மூன்று தொகைகளும் ஒருங்கே அவ்வாறு அமைந்தால், அவை லயன்களில் எண்ணப்பட்டவை அல்ல, மேசையிற் பேசி முடிக்கப்பட்டவை என்பது தெளிவு. மொத்தத் தொகை உண்மைக்கு வெகு தூரமன்று. 1963ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 1,123,000 பேர். அதில் பதிவுபெற்ற 134,000 பேரைக் கழித்தால் 989,000 எஞ்சும். எனவே மொத்தம் மதிப்பீட்டின்பாற்பட்டது, பங்கீடு பேரத்தின்பாற்பட்டது. பங்கிடப்படுவோரின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. தங்களைக் கேளாமல் தங்கள் மக்களைப் பங்கிட்டதை மலையகத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் கண்டித்தார்.

பழைய கிரேக்க நாட்டு யூக்கிளிது தம் கணித நூலின் ஏழாம் பாகத்தில், எண் என்பது அலகுகளின் தொகுதி என வரையறுத்தார். அலகு ஒன்றுக்கொன்று வேறுபடாதிருத்தலே அவ்வரையறையின் உயிர். ஏழு மாம்பழத்தில் எந்த நான்கை எடுத்தாலும் நான்குதான். ஆனால் டில்லி ஒப்பந்தத்தின் அலகு மாம்பழமன்று. எந்த 525,000 பேர்? எந்த 300,000 பேர்? இதற்கு ஒப்பந்தம் விடை கூறவில்லை. எத்தனை என்பது முதலில் தீர்ந்தது. யார் என்பது பின்னர் தேடப்பட்டது. குடும்பம் என்பது கூட்டலும் கழித்தலும் அறியாத ஒரு முழுமை என்பதும் அப்போதே மறந்துபோயிற்று.

ஒப்பந்தத்தின் மற்றொரு விதி, இரு பணிகளும் ஒன்றுக்கொன்று ஈடாக நடக்க வேண்டுமென்பது. இவ்விதியே ஏழுக்கு நான்கு என்னும் விகிதமாயிற்று. 1967ஆம் ஆண்டு நிறைவேறிய அமுலாக்கற் சட்டப்படி, எழுவருக்கு இந்தியா குடியுரிமை வழங்கினால் நால்வருக்கு இலங்கை வழங்கும். 1971இல் அது திருத்தப்பட்டு, எழுவர் கப்பலேறிய பின்னரே நால்வர் பதிவுபெறுவர் என்றாயிற்று. ஏழை நான்கால் வகுத்தால் ஒன்றே முக்கால். அதாவது, ஒருவர் இம்மண்ணில் உரிமையோடு தங்குவதற்கு ஒன்றே முக்கால் பேர் புறப்பட வேண்டும். அரைப்பேர் என்னும் தோட்டத்து வழக்கு இங்கே அரசாங்கத்தின் வழக்காயிற்று. தங்க விரும்பும் ஒருவரின் நாள், தாம் அறியாத வேறெவரோ புறப்படும் நாளைச் சார்ந்து நின்றது.

கணிதம் தவறு செய்யாது. ஆனால் அது எடுத்துக்கொண்ட அடிப்படை தவறாயின் விடையும் தவறாகும். இங்கே அடிப்படையில் இரண்டு தவறுகள் இருந்தன.

முதலாவது, மக்கள் விருப்பம். விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, இந்தியக் குடியுரிமை வேண்டியோர் தொகை ஒப்பந்தம் குறித்த 525,000ஐ எட்டவில்லை. இலங்கைப் பிரசாவுரிமை வேண்டியோர் தொகையோ 300,000ஐப் பெரிதும் மிஞ்சிற்று. பாட்டன் காலத்தில் விட்டு வந்த ஊரின் பெயர் மட்டுமே தெரிந்தவர்களுக்கு, பிறந்து வளர்ந்த மலையே ஊராக இருந்ததில் வியப்பில்லை. ஏழும் நான்கும் என்று வகுத்த எண்ணுக்கும், மக்கள் நெஞ்சிலிருந்த எண்ணுக்கும் பொருத்தமே இல்லை.

இரண்டாவது, காலம். எழுதிய எண் எழுதியபடியே நிற்கும், மக்கட்டொகை நில்லாது. 1953இல் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 974,000, 1963இல் 1,123,000. பத்தாண்டில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கூடுதல். டில்லியில் நிலுவையில் விட்ட தொகையும் ஒன்றரை இலட்சமே. 525,000 பேரைப் பதினைந்தாண்டில் அனுப்புவதாயின், ஆண்டுக்கு 35,000 பேர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 96 பேர் கப்பலேற வேண்டும். அதே வேளையில், பழைய வளர்ச்சி வீதப்படியே பார்த்தாலும் அப்பிரிவினருள் முதலாண்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுவர். கேணியை இறைக்கும்போதே ஊற்றும் சுரந்துகொண்டிருந்தது. பணி தொடங்கவே சில ஆண்டுகள் சென்றன. சென்ற ஒவ்வோராண்டும் கணக்கை மேலும் நீட்டிற்று.

இயற்கையும் ஒப்பந்தத்துக்குத் துணை நிற்கவில்லை. 1914ஆம் ஆண்டு முதல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் நீராவிக் கப்பல் இணைத்து வந்தது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் நிறைவதற்கு முன், 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. தாயகம் திரும்புவோர் என ஏடுகள் அழைத்த மக்கள் அட்டனிலும் நானுஓயாவிலும் பதுளையிலும் புகையிரதம் ஏறித் தலைமன்னார் சென்று அக்கப்பலில் ஏறினர். பிற்காலத்தில் அவர்களை ஏற்றிச்சென்ற கப்பலின் பெயர் இராமானுஜம். எண்கள் ஒவ்வொன்றும் அவருக்குத் தனிப்பட்ட நண்பர் போன்றவை என்று தம் நண்பர்களாற் பாராட்டப்பெற்ற தமிழ்நாட்டுக் கணித மேதையின் பெயரும் அதுவே. ஆயினும் அக்கப்பலில் ஏறியோர் கையில் இருந்தது குடும்ப அட்டை. அதில் இருந்தது ஓர் இலக்கம்.

புகையிரத மேடைகளில் நடந்தவற்றை மலைநாடு இன்றும் மறக்கவில்லை. அண்ணன் இந்தியப் பட்டியலில், தம்பி இலங்கைப் பட்டியலில். மகள் கட்டிக்கொடுத்த வீடு ஒரு பட்டியலில், தாய்வீடு மற்றொரு பட்டியலில். வயது வந்த பிள்ளைகள் தனித்தனியே விண்ணப்பித்திருந்தமையால், ஒரே லயன் அறையில் இரு நாட்டவர் இருந்தனர். வழியனுப்ப வந்தோர் கூட்டம் வண்டி நகர்கையில் இழவு வீட்டைப் போன்று அழுதது. அதனால் மக்கள் அவ்வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டனர். எந்தச் சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் இல்லாத இப்பெயர், அவை யாவும் கூறாததைக் கூறிவிட்டது.

அக்கரையில் மண்டபம் முகாம் அவர்களை வரவேற்றது. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி முதலிய இடங்களில் அவர்களுக்கென்றே அரசு தேயிலைத் தோட்டங்கள் வளர்த்தது. 1968இல் தொடங்கிய அம்முயற்சி 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கேரளத்தில் புனலூரிலும், கருநாடகத்தில் சுள்ளியாவிலும் இறப்பர்த் தோட்டங்களில் பலர் அமர்ந்தனர். வேறு பலருக்குச் சிறு கடனும் தெரியாத ஊரும் கிடைத்தன. தேயிலையன்றி வேறு தொழில் அறியாதவர் வறண்ட நிலத்துக் கிராமங்களில் தத்தளித்தனர். இலங்கையிலிருந்து வந்தவர் என்ற பொருளில் அவர்களைச் சிலோன்காரர் என்று அங்குள்ளோர் அழைத்தனர். இலங்கையில் இந்தியர், இந்தியாவில் சிலோன்காரர் என்று இரு கரையிலும் அவர்கள் அயலவராயினர்.

நிலுவையிலிருந்த இரண்டு அலகுகளின் கதை 1974 ஜனவரியில் முடிந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் 150,000ஐச் சரிபாதியாகப் பகிர்ந்தனர்: அங்கே 75,000, இங்கே 75,000. முதல் ஒப்பந்தத்தில் எங்கும் எழுதப்படாமல் மறைந்து நின்ற அலகு, பத்தாண்டின் பின் வெளிப்படையாகவே கைமாறிற்று. ஏழு எட்டாயிற்று, நான்கு ஐந்தாயிற்று. இந்தியாவுக்கு 600,000, இலங்கைக்கு 375,000. எட்டும் ஐந்தும் கூடிப் பதின்மூன்று. கணக்கு அழகாக நிறைவுற்றது. அக்காலத்திலேதான் தோட்டங்களில் உணவுப் பஞ்சம் பரவிற்று. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. தங்க நினைத்திருந்தோருள்ளும் பலர் மனந்தளர்ந்தனர்.

அழகாக நிறைவுற்ற அந்தக் கணக்கு உலகில் நிறைவேறவில்லை. 1971இல் ஏறத்தாழ 1,175,000 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை, 1981இல் ஏறத்தாழ 819,000 ஆகக் குறைந்தது. இலட்சக்கணக்கானோர் வெளியேறியது ஒரு காரணம். பலர் இலங்கைத் தமிழர் என்ற தலைப்பின்கீழ்ப் பதிந்தது மற்றொரு காரணம். ஒப்பந்தத்தின் காலவெல்லை 1981இல் முடிந்தது. நாட்டில் மூண்ட போரினால் 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. அதனோடு ஒப்பாரிக் கோச்சியும் நின்றது. அதுவரை, பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் இந்தியா சென்றிருந்தனர். இதற்கிடையே ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் வென்று, முப்பது ஆண்டுகளுக்குப் பின் மலையகத்தின் குரலைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுசென்றார்.

1986ஆம் ஆண்டில் கணக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இந்தியாவின் பங்கு 600,000. ஆனால் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோர் 506,000 பேர்தாம். எஞ்சிய 94,000 பேர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களை இலங்கை தன் 375,000 பேரோடு சேர்த்துக்கொண்டது, 469,000 ஆயிற்று. 506,000ஐயும் 469,000ஐயும் கூட்டினால் அதே 975,000 வரும். ஆயினும் இப்பகுப்பு முந்தைய பகுப்புகளைப் போன்றதன்று. 506க்கும் 469க்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இல்லை. ஏழுக்கு நான்கு, எட்டுக்கு ஐந்து என்று சுருக்கிச் சொல்ல அதில் இடமில்லை. அதன் கரடுமுரடுக்குக் காரணம், அது மேசையில் மட்டும் வகுத்த எண்ணன்று என்பதே. எங்கே வாழ்வதென்று மக்கள் தாமே விண்ணப்பித்துக் கூறிய விடை முதன்முறையாக அக்கணக்கினுள் நுழைந்திருந்தது.

பின்னும் மிச்சம் இருந்தது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், இந்தியாவுக்கு விண்ணப்பிக்காதோர் ஒரு சத்தியக் கடதாசியினால் தம் உரிமையை நிறுவ வழிசெய்தது. இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறிற்று. அதன் பின் பத்தே நாள்களில் ஏறத்தாழ 190,000 பேர் பிரசாவுரிமை பெற்றனர் என்று ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையகம் தெரிவித்தது. முப்பத்தொன்பது ஆண்டுகள் பகுத்தும் தீராத மீதி, பகுப்பதை விட்டவுடன் பத்து நாளில் தீர்ந்தது. போரினால் இந்திய முகாம்களுக்குச் சென்றிருந்தோரையும் 2009ஆம் ஆண்டுத் திருத்தம் உள்ளடக்கிற்று.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு திகதி உண்டு. எந்த நாள் முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்திருந்தால், அல்லது அவ்வாறு வாழ்ந்தவரின் வழித்தோன்றலாயின், ஒருவர் பிரசையாவார் என்பதைக் குறிக்கும் திகதி அது. 1964 ஒக்டோபர் 30. எந்த நாளில் இம்மக்கள் பங்கிடப்பட்டனரோ, அதே நாளே அவர்கள் உரிமையின் தொடக்கமாகச் சட்டத்தில் எழுதப்பட்டது. முன்னைய ஒப்பந்தம் எத்தனை பேர் என்று கேட்டது. பின்னைய சட்டம் எத்தனை பேர் என்று கேட்கவேயில்லை. நீ இங்கே வாழ்ந்தாயா என்று மட்டும் கேட்டது. தொகை குறிக்காத சட்டமே தொகை முழுவதையும் தீர்த்தது.

பிரசாவுரிமைக் கணக்கு முடிந்தது. லயன் அறைக்குப் பதிலாகச் சொந்த வீடும் காணியும், நாட்கூலிக்குப் பதிலாக நியாயமான வருமானமும் வேண்டி மலையகம் இன்றும் கேட்கின்றது. அக்கோரிக்கைகளும் எண்களாகவே மேசைக்கு வருகின்றன: எத்தனை பேர்ச்சு நிலம், எத்தனை கிலோ கொழுந்து, எத்தனை ரூபாய் என்று. எண்ணின்றி அரசு நடவாது, எண்ணுவதும் குற்றமன்று. ஆனால் 975,000க்கு வகுத்திகள் 96 உண்டு என்று கூறும் கணிதம், ஒன்று என்னும் எண்ணுக்கு வகுத்தி ஒன்றுதான் என்றும் கூறுகிறது. அட்டன் மேடையில் நின்று கையசைத்த தாயும், சன்னலோரத்திலிருந்து திரும்பிப் பார்த்த மகனும் தனித்தனியே அந்த ஒன்றாவர். அவர்களைப் பேர் சொல்லி எண்ணத் தொடங்கும்போதுதான், பிரட்டுக்களத்துச் செக்ரோல் முதல் அரசாங்கத்தின் ஏடு வரை, மலைநாட்டின் கணக்கு முழுப்பேர்க் கணக்காக அமையும்.